ரோபோகாப்பி: ஃபோல்டர் எவ்வளவு ஆழமானாலும் படம் விடுபடாது

விண்டோஸ் கணினி வைத்திருக்கும் எல்லாரிடமும் ரோபோகாப்பி (robocopy) ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம், இணையத்திலிருந்து இறக்கவும் வேண்டாம். முன்பு விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில் ரிசோர்ஸ் கிட் என்ற தனிக் கருவித் தொகுப்பில் இருந்தது. விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும். அந்த ஒரு வேலையை இதைவிட நம்பிக்கையாகச் செய்யும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. தமிழில் முழுசாகப் பெயர் வைத்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாக அடுக்கி வைக்கிறவர்களுக்கு இது அவசியம் என்றே சொல்வேன்.

மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு ஒத்தக்கடையில், மொட்டை மாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இருக்கும் சமணர் படுக்கைகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டுகள், அதற்குப் பின் வந்த வட்டெழுத்துகள், பாறைச் சிற்பங்கள் இவற்றைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறேன். யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, திருவாதவூர், கீழக்குயில்குடிச் சமணமலை, கொங்கர் புளியங்குளம், திருப்பரங்குன்றம் என்று பட்டியல் நீளும். படம் பிடிப்பது எங்கள் கேமராத் தம்பியும் அவர் நண்பர்களும். பெயர் வைப்பது, அடுக்குவது, நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு.

எங்கள் அடுக்கு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘மதுரைச் சுற்றுவட்டார மலைகள்’ என்ற ஃபோல்டர். அதற்குள் ‘மேலூர் வட்டம்’. அதற்குள் ‘அரிட்டாபட்டி’. அந்த ஊரில் ஏழு குன்றுகள். அவற்றில் ஒன்று ‘கழிஞ்சமலை’. அதற்குள் ‘குகைத்தளம்’. அதற்குள் ‘தமிழிக் கல்வெட்டு’. அதற்குள் ‘சாய்வொளிப் படங்கள்’. கடைசியில் படம் எடுத்த நாள். ஆக எட்டு அடுக்கு. பாறையில் மெல்லிதாக வெட்டிய எழுத்தை உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதனால்தான் சாய்வொளிக்குத் தனி ஃபோல்டர்.

ஃபைல் பெயரிலும் ஊர், மலை, எந்தக் கல்வெட்டு, எந்தப் பகுதி என்று எழுதிவிடுவேன். ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு இரண்டு தடவை என்று கேட்பார்கள். ஒரு படத்தை யாருக்காவது அனுப்பும்போது ஃபோல்டர் வரிசை கூடவே போகாது. ஃபைல் பெயர் மட்டும்தான் போகும். ஊர் பெயர் இல்லாத கல்வெட்டுப் படம் பத்து வருஷம் கழித்து வெறும் பாறைப் படம்தான். என்னிடமே அப்படி அனாதையாக வந்து சேர்ந்த படங்கள் உண்டு. கல்வெட்டின் மேல் தாள் ஒற்றி எடுக்கும் மைப்படி மாதிரி அழகாக இருக்கும், எந்த மலை என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்படி வைத்தால் டிரைவ் எழுத்திலிருந்து படத்தின் கடைசி எழுத்து வரை பாதை 220, 225 எழுத்துக்குறிகள் என்று வந்து நிற்கும். விண்டோஸ் கணினியில் பெரும்பாலான மென்பொருள்கள் பாதைக்குக் கொடுக்கும் இடம் மொத்தமே 260. அதில் ஒன்று, பாதை முடிந்தது என்று காட்டும் குறிக்குப் போய்விடும். மிச்சம் 259. ஃபோல்டர் உண்டாக்குவதென்றால் இன்னும் குறைவு. உள்ளே பழைய பாணியில் பெயருக்கு எட்டு, புள்ளிக்குப் பின் மூன்று என்று ஒரு ஃபைல் பெயராவது வைக்க இடம் விட்டு, 248-லேயே நிறுத்திவிடும்.

மூலக் கணினியில் 225 என்பது பிரச்சினையே இல்லை. நகலெடுக்கும்போதுதான் வருகிறது. இன்னொரு டிஸ்கில் ‘பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த காப்பு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் வைத்தால், அந்தப் பெயரும் கோடுமாகச் சேர்ந்து நாற்பது கூடிவிடும். கணக்கு 260-ஐத் தாண்டிவிட்டது. நல்ல எண்ணத்தோடு, விவரமாகப் பெயர் வைத்து எடுக்கிற காப்புப் பிரதியில்தான் ஃபைல் விடுபடும் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024 கடைசியில் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்து, ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களில் எங்களிடம் படம் கேட்டவர்கள் நிறைய. மலையில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டிய நேரம் அது. அவசரத்துக்கு நகரத்தில் ஒரு கணினிக் கடையில் டிஸ்கைக் கொடுத்து நகல் போடச் சொன்னோம். மாலையில் போனபோது கடைப் பையன் சொன்னார்: “டீச்சர், எல்லாம் ஏறிருச்சு. கடைசி ஃபோல்டருங்க கொஞ்சம் மட்டும் பாத் டூ லாங்னு நின்னுச்சு. ஸ்கிப் குடுத்து ஓட்டிட்டேன்.”

அவர் விட்டது அளவில் கொஞ்சம்தான். ஆனால் விடுபட்டவை எல்லாம் ஆழத்தில் இருந்தவை. ஊரின் பொதுக்காட்சி வந்திருந்தது, மலையின் தூரக்காட்சி வந்திருந்தது, அடிவாரக் கண்மாய் வந்திருந்தது. கல்வெட்டின் எழுத்து எழுத்தான நெருக்கப் படங்கள் வரவில்லை. பாதை நீளத்துக்கு வரம்பு வைத்தால் வெட்டுப்படுவது எப்போதும் கடைசி அடுக்குதான். நம்மைப் போன்றவர்கள் மிகவும் குறிப்பான, மிகவும் உழைத்துச் சேர்த்த விஷயத்தை அங்கேதான் வைத்திருப்போம். தபால் உறையில் ஊர் பெயரை விட்டுவைத்துக் கதவு எண்ணை மட்டும் அழிப்பது போன்ற காரியம் இது.

அந்தக் கடைப் பையனைக் குறை சொல்லி எழுத இதை ஆரம்பிக்கவில்லை. மவுஸால் இழுத்துப் போடும் எக்ஸ்ப்ளோரரில் வேலை செய்தால் அவர் கையில் இருந்த வழி அதுதான். எக்ஸ்ப்ளோரர் இன்றைக்கும் அந்த 260-க்குள்தான் நிற்கிறது.

டிஸ்க் முறைக்கு இதில் பங்கில்லை. என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸின் டிஸ்க் முறை 1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. அதில் ஒரு தனிப் பெயர் 255 வரை போகலாம், முழுப் பாதை சுமார் 32,767 வரை போகலாம். ஆழத்துக்கென்று தனியாக ஒரு எண்ணும் இல்லை. இடம் ஏராளமாக இருக்கிறது. மென்பொருள்கள் டிஸ்கிடம் பேசுவதற்கு நடுவில் இருக்கும் பழைய ஏற்பாட்டில்தான் 260 என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. பாதையை எழுதி வைக்க 260 இடம் போதும் என்று நம்பி எத்தனையோ நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. திடீரென்று மாற்றினால் அவையெல்லாம் தடுமாறும். அதனால் அதை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வழி திறந்து விட்டார்கள். பாதைக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்த்துக் கேட்டால் அந்த வரம்பு பொருந்தாது.

ரோபோகாப்பி நீளமான பாதைகளைத் தானாகவே கையாளுகிறது. நாம் எந்தக் குறியும் சேர்க்க வேண்டாம், எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். சொல்லப்போனால், நீளமான பாதையைக் கையாளாதே என்று நிறுத்துவதற்குத்தான் அதில் ‘256’ என்று ஒரு ஸ்விட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஒரு குறிச்சொல், வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் மற்றக் கருவிகளில் இது நேர்மாறு. ஏதோ ஒரு மூலையில் டிக் போட்டால்தான் நீளப் பாதை வேலை செய்யும். இயல்பிலேயே முழுப் பாதையையும் மதிக்கிறது என்பதுதான் இந்தக் கருவி மேல் எனக்குள்ள முதல் மரியாதை.

நான் எப்படி ஓட்டுகிறேன் என்று சொல்கிறேன். கமாண்ட் விண்டோவைத் திறந்து ரோபோகாப்பி என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு, மூல ஃபோல்டரை மவுஸால் இழுத்து அந்த விண்டோவிலேயே போட்டுவிடலாம். பாதை தானாக விழும். பெயர்களில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியும் கூடவே வரும். அப்புறம் சேர வேண்டிய ஃபோல்டரை அதேபோல இழுத்துப் போட வேண்டும். தமிழில் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பிறகு ஸ்விட்ச்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு. இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

‘ஈ’ (/E) என்ற ஸ்விட்ச் போட்டால் உள்ளே இருக்கும் எல்லா அடுக்கும், காலி ஃபோல்டர்கள் உட்பட, வரும். இது போடாவிட்டால் மேல் அடுக்கில் உள்ள ஃபைல்கள் மட்டும்தான் வரும். புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘ஆர்’, ‘டபிள்யூ’ இரண்டும் கட்டாயம். ஒரு ஃபைலை எடுக்க முடியாமல் போனால் எத்தனை தடவை திரும்ப முயல வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது இவற்றில் இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் தடவை, முப்பது முப்பது விநாடி காத்திருந்து முயலும். அதாவது கெட்டுப்போன ஒரே ஃபைலில் நாள் கணக்காக நிற்கும். இவ்வளவு நல்ல கருவிக்கு இப்படி ஒரு முன்னமைப்பை வைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இரண்டு தடவை, ஐந்து விநாடி (/R:2 /W:5) என்று கொடுத்தால் போதும்.

‘எக்ஸ்.ஜே.’ (/XJ) என்பதையும் சேர்த்துவிடுங்கள். விண்டோஸில் சில ஃபோல்டர்கள் வெறும் வழிகாட்டிப் பலகைகள். உள்ளே நுழைந்தால் வேறொரு ஃபோல்டருக்குக் கொண்டுபோய் விடும். அவற்றில் சில சுற்றி வந்து தன்னையே காட்டும். பயனர் கணக்கின் ஃபோல்டரை முழுசாக நகலெடுக்கும்போது ‘அப்ளிகேஷன் டேட்டா’வுக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’, அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போவது இதனால்தான். ரோபோகாப்பிக்கு ஆழம் தடையில்லை என்பதால் அது பாட்டுக்குத் தோண்டிக்கொண்டே போகும், எக்ஸ்ப்ளோரரால் அழிக்கவும் முடியாத ஒரு கிணறு டிஸ்கில் உருவாகிவிடும். இந்த ஸ்விட்ச் அந்தப் பலகைகளைத் தொடாமல் கடந்துபோகச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘எல்’ (/L). இதைப் போட்டால் ஒன்றையும் நகலெடுக்காது. எதையெல்லாம் எடுக்கப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை எழுதிப் பார்க்கச் சொல்வோமே, அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே பிடிக்கும். ‘லெவ்’ (/LEV) என்று ஒன்று இருக்கிறது. மேலிருந்து எத்தனை அடுக்கு வரை போதும் என்று எண் கொடுக்கலாம். ஊர்ப் பட்டியலின் வெறும் கட்டமைப்பை மட்டும் புது ஆளுக்குக் காட்ட நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

வேலை முடிந்ததும் கீழே ஒரு அட்டவணை வரும். ஃபோல்டர், ஃபைல், பைட், நேரம் என்று நான்கு வரிசை. மொத்தம், நகலானவை, தாண்டியவை, பொருந்தாதவை, தோற்றவை, கூடுதலானவை என்று பத்திகள். நான் முதலில் பார்ப்பது ‘ஃபெயில்டு’ என்ற பத்தியைத்தான். அது சைபராக இருந்தால்தான் எழுந்திருப்பேன். கடையில் கேட்ட ‘கொஞ்சம்’ என்ற பதிலுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் இதை இவ்வளவு மதிக்கக் காரணம். நகல் முழுசா இல்லையா என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

தமிழ்ப் பெயர்களால் திரையில் ஒரு தொல்லை உண்டு. கறுப்புத் திரையில் தமிழ் சரியாகத் தெரியாது. கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ காட்டும். பயப்பட வேண்டாம், டிஸ்கில் பெயர் சரியாகத்தான் போய்ச் சேருகிறது. ‘யூனிலாக்’ (/UNILOG) என்ற ஸ்விட்சோடு ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்தால் நடந்ததையெல்லாம் யூனிகோடில் எழுதி வைக்கும். அதை நோட்பேடில் திறந்தால் அரிட்டாபட்டி அரிட்டாபட்டியாகவே தெரியும். வெறும் ‘லாக்’ போட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். யூனிலாக்கையே பழகிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்? எங்கள் பக்கம் அது சாதாரணம். மறுபடி அதே வரியை ஓட்டினால் போதும். ஏற்கெனவே சரியாகப் போய்ச் சேர்ந்தவற்றின் அளவும் நேரமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும், மிச்சத்தை மட்டும் எடுக்கும். மாதாமாதம் காப்பு எடுக்கும்போதும் இதே கதைதான். புதிதாகச் சேர்ந்த படங்கள் மட்டும் போகும், முதல் தடவை மாதிரி ராத்திரி முழுக்க ஓட வேண்டாம்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய ஆபத்து ‘எம்.ஐ.ஆர்.’ (/MIR) என்ற ஸ்விட்ச். மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே சேருமிடத்தையும் ஆக்கிவிடும். மூலத்தில் இல்லாதது சேருமிடத்தில் இருந்தால், கேள்வி கேட்காமல் அழித்துவிடும். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. எது மூலம், எது சேருமிடம் என்பதை மாற்றிப் போட்டால் மலை மலையாகச் சேர்த்தது ஒரே நொடியில் போகும். எங்கள் குழுவில் இதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இது உதவும்: ஆழம் அதிகமாகி எக்ஸ்ப்ளோரரால் அழிக்க முடியாமல் கிடக்கும் ஃபோல்டர் இருந்தால், புதிதாகக் காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதை மூலமாக வைத்து இதன்மேல் ஓட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் காலியாகிவிடும். அதையும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொரு குறை, நகலும் மூலமும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா என்று இது சோதிப்பதில்லை. அளவும் நேரமும் பார்ப்பதோடு சரி. பெரும்பாலும் அது போதும். பத்து இருபது வருஷம் வைத்திருக்கப் போகும் காப்பு என்றால் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணைத் தனியாக எடுத்து வைக்கிறோம். அதற்கு விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் (certutil) என்ற கருவி இருக்கிறது.

மூன்றாவது, நகல் முழுசாக வந்த பிறகு வரும் சிக்கல். ரோபோகாப்பி 265 எழுத்துப் பாதையில் ஒரு படத்தைப் பத்திரமாக வைத்துவிடும். அதை எக்ஸ்ப்ளோரரில் திறக்கப் போனால் திறக்காது. படம் இருக்கிறது, கை எட்டவில்லை. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், நீளப் பாதைகளை அனுமதிக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. நாமாகப் போய்த்தான் அதை இயக்க வேண்டும். இயக்கினாலும், நீளப் பாதைக்குத் தயார் என்று தன்னுள் அறிவித்திருக்கும் மென்பொருள்களுக்குத்தான் பலன். நாங்கள் செய்வது எளிது: ‘சப்ஸ்ட்’ (subst) என்ற சின்னக் கட்டளையால் அரிட்டாபட்டி ஃபோல்டருக்கே ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடுகிறோம். உடனே பாதை அங்கிருந்து ஆரம்பிக்கும், முன்னால் இருந்த நீளம் கணக்கில் வராது. 7-ஜிப் மென்பொருளோடு வரும் ஃபைல் மேனேஜரும் இப்படிப்பட்ட பாதைகளுக்குள் தடையில்லாமல் நுழைகிறது.

இதே தந்திரம் எதிர்த்திசையில் வம்பு செய்வதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெரிய கணினியின் ஃபோல்டரைக் கேமராத் தம்பி தன் மடிக்கணினியில் நெட்வொர்க் டிரைவாக இணைத்துக்கொண்டு வேலை செய்வார். அவர் பக்கம் பாதை அரிட்டாபட்டியில்தான் தொடங்கும். தாராளமாக இடம் இருக்கும், அவர் இன்னும் இரண்டு அடுக்கு சேர்ப்பார். என் பக்கம் பார்த்தால் அது 260-ஐத் தாண்டி நிற்கும். மேலே ஒரு ஃபோல்டரின் பெயரை நீட்டினாலும் இதேதான். உள்ளே இருப்பவற்றின் நீளம் என்ன ஆகிறது என்று விண்டோஸ் எண்ணிப் பார்ப்பதில்லை. அலுவலகங்களில், வக்கீல் குமாஸ்தாக்களிடம், ஆடிட்டர் அறைகளில் பொது ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சந்திப்பார்கள்.

ரோபோகாப்பியாலும் தாண்ட முடியாத வரம்பு ஒன்று இருக்கிறது. அது சேருமிடத்து டிஸ்கின் வரம்பு. நாங்கள் இப்போது காப்புக்கு வைத்திருக்கும் நெட்வொர்க் பெட்டிக்குள் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். அங்கே ஒரு பெயருக்கு 255தான், விண்டோஸில் உள்ள அதே எண். ஆனால் விண்டோஸ் எண்ணுவது யூனிகோடு அலகுகளை. லினக்ஸ் எண்ணுவது பைட்டுகளை. தமிழில் ஒவ்வொரு அலகுக்கும் மூன்று பைட். திருப்பரங்குன்றம் என்று எழுதினால் கண்ணுக்குப் பத்து எழுத்து. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடில் 17 அலகு. லினக்ஸில் 51 பைட். அந்தப் பெயரை இடைவெளி விடாமல் விண்டோஸில் 15 தடவை எழுதி ஒரே பெயராக வைக்கலாம்; லினக்ஸில் ஐந்து தடவை. இரண்டுமே மிச்சம் இல்லாமல் 255-இல் முடியும். ஈக்ரிப்ட்எஃப்எஸ் என்ற முறையில் பூட்டிய ஃபோல்டர் என்றால் பெயருக்கு 143 பைட்தான். அங்கே இரண்டு தடவைக்கு மேல் நுழையாது. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் பழைய டார் தொகுப்பு முறையில் பெயருக்கு 100 பைட். அதில் இரண்டு தடவைகூட இடமில்லை. லினக்ஸுக்கு முன்னோடியான 1970-களின் யூனிக்ஸில் ஒரு பெயருக்கு 14 பைட் வைத்திருந்தார்கள். மதுரை என்ற பெயர் இன்றைய கணக்கில் 15 பைட்.

ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு இந்த 255 என்ற சுவர் கண்ணிலேயே படாது. நமக்கு ஐம்பது எழுத்துச் சொச்சத்தில் வந்து நிற்கிறது. ஆகையால் நெட்வொர்க் பெட்டிக்கு நகலெடுக்கும் முன் ஒவ்வொரு பெயரும் 85 அலகுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதையின் மொத்த நீளத்துக்கு லினக்ஸில் 4096 பைட் இருக்கிறது. அதில் நமக்குக் கஷ்டம் வராது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற பழைய மேக் டிஸ்க் முறை சில எழுத்துகளைப் பிரித்து எழுதி வைக்கும். கொங்கர் புளியங்குளத்தின் ‘கொ’ நம் விசைப்பலகையிலிருந்து இரண்டு அலகாக வருகிறது. அங்கே போனால் ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகிவிடும். அந்த டிஸ்கிலிருந்து திரும்பி வரும் ஃபோல்டரும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரும் கண்ணுக்கு ஒரே பெயர், விண்டோஸுக்கு வேறு வேறு. ரோபோகாப்பி இரண்டையும் தனித்தனியாகவே நடத்தும். கொ, கோ, கௌ வரிசை வரும் பெயர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய சிடிகளில் நிஜமாகவே ஆழத்துக்கு வரம்பு இருந்தது. 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9660 என்ற முறைப்படி, மேலே உள்ள முதல் அடுக்கையும் சேர்த்து எட்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது. எங்கள் எட்டு ஃபோல்டரோடு முதல் அடுக்கையும் கூட்டினால் ஒன்பது. ஒரே ஒரு அடுக்கில் தவறிவிடுகிறது. ராக் ரிட்ஜ் என்ற நீட்டிப்பு, அப்படி மிஞ்சிய ஃபோல்டர்களைத் தனி இடத்துக்கு நகர்த்தி வைத்துச் சமாளித்தது. இப்போது சிடி எழுதுகிறவர் யார் என்று கேட்கலாம். பழைய சிடிகளிலிருந்து படம் மீட்கிற வேலை எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெயர்களைச் சுருக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஊருக்கு ஒரு குறியீடு, மலைக்கு ஒரு எண், தனியாக ஒரு பட்டியல். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தப் பட்டியல் தொலைந்த அன்றைக்கு எல்லாப் படமும் அனாதை. சமணமலையில் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் வரிசைக்குக் கீழே, அதைச் செய்வித்தவர்கள் இன்னார் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிற்பத்தோடு பெயரும் அதே பாறையில் இருப்பதால்தான் இன்றைக்கும் நாம் படிக்கிறோம். படத்தோடு பெயரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நடுவில் உள்ள அடுக்குகளில் வேண்டுமானால் கை வைக்கலாம். ‘மதுரைச் சுற்றுவட்டார மலைகள்’ என்பதை ‘மலைகள்’ என்று இப்போது குறைத்திருக்கிறேன். காப்பு டிஸ்கில் மேல் ஃபோல்டர் பெயரையும் சுருக்கிவிட்டேன். ஊர், மலை, கல்வெட்டுப் பெயர்களைத் தொடவில்லை. அவற்றை அப்படியே சுமந்து போக ஒரு கருவி இருக்கும்போது எதற்காகத் தொட வேண்டும்?

கடையில் நகல் போடக் கொடுப்பவர்கள் ரோபோகாப்பியில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள். யூனிலாக் ஃபைலையும் அதே டிஸ்கில் மேல் அடுக்கிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் அதைத் திறந்து கடைசிக்குப் போய், ஃபெயில்டு பத்தியில் ஃபோல்டர் வரிசையிலும் ஃபைல் வரிசையிலும் சைபர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவை தோற்றன என்று அதே ஃபைலில் பெயரோடு, பாதையோடு எழுதியிருக்கும். அதைக் காட்டி, அந்த ஃபைல்களையும் ஏற்றிக் கொடுத்த பிறகே டிஸ்கை வாங்கிக்கொள்ளுங்கள்.